ஒரே காட்டுக்கு இரண்டு தடம்

ஓசூருக்குப் பக்கத்துக் கெலவரப்பள்ளிக்காரர்கள் யானை பார்க்க ஊர் விட்டு ஊர் போவானேன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. கேழ்வரகு விளைந்து நிற்கும் நாள்களில் பன்னார்கட்டா காட்டிலிருந்து கிளம்பும் யானைக் கூட்டம் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாகச் சானமாவு வரை வந்து தங்கும். சில இரவுகளில் அணையோரத் தோட்டங்கள் வரைக்கும் வந்துவிடும். ஆனால் அது பார்த்து மகிழ்கிற யானை அல்ல. வனத்துறை ஆட்கள் பட்டாசும் டார்ச்சுமாக ஓட, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்த வைக்கிற யானை. நிதானமாக, பயமில்லாமல், பிள்ளைக்கு விரலைச் சுட்டி ஒரு யானையைக் காட்ட வேண்டுமானால் கெலவரப்பள்ளிக்காரர்களும் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும்.

பக்கத்தில் பன்னார்கட்டா இருக்கிறதே என்பார்கள். 1974இல் தேசியப் பூங்காவான இடம். ஓசூரிலிருந்து காலையில் கிளம்பினால் மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். ஆனால் அங்கே ரயில் போகாது. வேலி போட்ட சஃபாரியைப் பார்த்துவிட்டு வருவதைக் காட்டுக்குப் போய் வந்ததாகச் சொல்லவும் எனக்கு மனம் வராது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்க்கிறவர்கள், பண்டிகையோடு சேர்த்து நான்கு நாள் விடுப்புக் கிடைத்தால், கைக்குழந்தையோடு ரயிலேறிப் போக நினைக்கும் காடு பெரும்பாலும் ஒன்றுதான்: முதுமலை – பந்திப்பூர்.

பெயர் இரண்டானாலும் காடு ஒன்று. நடுவில் மோயாறு ஓடுகிறது. இந்தப் பக்கம் தமிழ்நாட்டின் முதுமலை: 1940இல் சரணாலயமாகி, 2007இல் புலிகள் காப்பகமானது, உள்காடு மட்டும் 321 சதுர கிலோமீட்டர். அந்தப் பக்கம் கர்நாடகத்தின் பந்திப்பூர்: ஒரு காலத்தில் மைசூர் மகாராஜாக்களின் வேட்டைக்காடு, 1973இல் புலிகள் காக்கும் திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட ஒன்பது காடுகளில் ஒன்று. 2023 ஏப்ரலில் அந்தத் திட்டத்தின் ஐம்பதாவது ஆண்டுக்குப் பிரதமர் வந்தபோது பந்திப்பூரில் ஜீப் சவாரி முடித்து, அதே காலையில் முதுமலையின் தெப்பக்காடு யானை முகாமுக்கும் வந்து சென்றார். அவ்வளவு பக்கம்.

ஓசூரிலிருந்து இந்தக் காட்டுக்கு இரண்டு ரயில் வழிகள் இருக்கின்றன. ஒன்று மேற்கே பெங்களூர் கடந்து மைசூர் போய், அங்கிருந்து சாலை. மற்றொன்று தெற்கே சேலம், கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம், அங்கிருந்து மலை ரயிலில் ஊட்டி, பிறகு சாலை. இரண்டாவதுதான் பேர் பெற்ற வழி. படம் எடுத்துப் போடவும் அதுதான் தோது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

முதலில் உயரம். யாரும் இதைக் கவனிப்பதில்லை. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தெப்பக்காடும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். மைசூர் வழியில் போனால் தடம் கொஞ்சம் இறங்கும், கொஞ்சம் ஏறும். ஆனால் பீடபூமியை விட்டுக் கீழே போவதே இல்லை. மேட்டுப்பாளையம் வழி அப்படியல்ல. இராயக்கோட்டை, தர்மபுரி என்று இறங்கிச் சேலத்துச் சமவெளிக்குப் போய், 326 மீட்டரில் இருக்கும் மேட்டுப்பாளையத்தில் நின்று, அங்கிருந்து 2,200 மீட்டருக்கு மேல் ஊட்டிக்கு ஏறி, மறுபடி 900க்கு இறங்க வேண்டும். புறப்பட்ட உயரத்துக்கே வந்து சேர ஒரு பள்ளத்தையும் ஒரு மலையையும் தாண்டுகிறோம்.

பெரியவர்களுக்குக் காது அடைத்தால் எச்சில் விழுங்குவார்கள். ஆறு மாதப் பிள்ளைக்கு அது தெரியாது, அழத்தான் தெரியும். இறக்கத்தில் பால் கொடுத்துக்கொண்டே வந்தால் விழுங்கும்போது காதடைப்பு விட்டுப்போகும் என்பதை மருத்துவரும் சொல்வார், நம் வீட்டுப் பெரியம்மாவும் சொல்வார். ஆனால் ஊட்டியிலிருந்து கீழே வரும் கொண்டை ஊசி வளைவுகளில் பால் கொடுத்துக்கொண்டே வருவது எந்தத் தாய்க்கும் லேசான வேலை இல்லை. குடித்த பால் வெளியே வந்துவிடவும் கூடும். குளிரும் சேர்கிறது. மேட்டுப்பாளையத்தில் பிள்ளைக்கு வேர்க்குரு வரும். அன்று மதியமே ஊட்டியில் குல்லாயும் சாக்ஸும் தேட வேண்டும்.

அடுத்தது ரயில். ஓசூர் ஸ்டேஷனுக்கு ஒரு விநோதம் உண்டு: ஊர் தமிழ்நாடு, தண்டவாளம் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூர் கோட்டம். ஓமலூரை நெருங்கும் வரை அவர்கள் ஆட்சிதான். அந்த வழியே ஓடும் தூத்துக்குடி – மைசூர் எக்ஸ்பிரஸ் நமக்குத் தோதான வண்டி. முந்தின நாள் மாலை தூத்துக்குடியில் கிளம்பி, விடியும் முன் ஓசூர் வந்து, காலையிலேயே மைசூரில் இறக்கிவிடும். பெங்களூரில் வண்டி மாற வேண்டாம். கெலவரப்பள்ளியிலிருந்து அந்த நேரத்துக்கு ஸ்டேஷன் போக ஆட்டோவுக்கு முன்னாடியே சொல்லி வைக்க வேண்டும். அது ஒன்றுதான் தொல்லை. தூங்குகிற பிள்ளையைத் தூங்கத் தூங்கவே தூக்கி வந்து படுக்கையில் கிடத்தினால், அது கண் விழிக்கும்போது கெங்கேரியோ ராமநகரமோ வந்திருக்கும். திரும்பும்போது அதே வண்டி மாலையில் மைசூரில் கிளம்பி இரவில் ஓசூர் சேர்க்கும்.

இந்த வண்டியின் பெரிய வசதி அதன் ஸ்லீப்பர் பெட்டி. ஸ்லீப்பர் பெட்டியில் தூளி கட்டலாம். மேல்படுக்கைகளின் சங்கிலியில் பழைய நூல்புடவையை இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டுக் கட்டினால் போதும், ரயிலே ஆட்டிவிடும். தமிழ்நாட்டில் ஸ்லீப்பர் பெட்டியில் போன எவரும் இந்தக் காட்சியைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. எதிர்ப் படுக்கைக்காரர் தலை இடிக்கிறதே என்று முதலில் முணுமுணுப்பார். பிள்ளை தூங்கியதும் அவரே தூளியை ஒரு கை ஆட்டுவார். ரயில்வேயும் தன் பங்குக்கு ஒன்று செய்து பார்த்தது. 2022 மே மாதம் அன்னையர் தினத்தை ஒட்டி, வடக்கு ரயில்வேயின் லக்னோ மெயிலில் கீழ்ப்படுக்கையோடு ஒட்டி மடிக்கக்கூடிய ஒரு சின்னப் படுக்கையைக் குழந்தைக்கென்று பொருத்தினார்கள். நல்ல எண்ணம். பரீட்சார்த்தமாகப் போட்டது நம் பக்கத்து வண்டிகளில் எதிலும் வந்து சேரவில்லை. ஆனால் நம் பாட்டிகளின் புடவைக்கு எந்தப் பரீட்சையும் தேவைப்பட்டதில்லை.

தெற்கு வழியில் இந்த வசதி கிடையாது. ஓசூரிலிருந்து காலையில் கோயம்புத்தூர் போகத் தோதானது எர்ணாகுளம் இன்டர்சிட்டி. உட்கார்ந்து போகும் வண்டி, தூளி கட்டச் சங்கிலி இல்லை. 2023 டிசம்பர் கடைசியில் தொடங்கிய கோயம்புத்தூர் – பெங்களூர் வந்தே பாரத்தும் ஓசூரில் நின்று போகிறது. வேகம், ஏசி, சுத்தம் எல்லாம் உண்டு, அதிலும் நாற்காலிதான். பிள்ளை தாயின் மடியிலோ தந்தையின் தோளிலோதான் முழு வழியும் வர வேண்டும். ஐந்து மணி நேரம் தோளில் கிடந்த பிள்ளையை இறக்கும்போது அப்பாவின் முகத்தைப் பார்த்தால் சுற்றுலாவுக்கு வந்தவர் என்று சொல்ல முடியாது. கோயம்புத்தூரில் இறங்கி மேட்டுப்பாளையம் பாசஞ்சர் பிடித்து, அங்கே லாட்ஜில் ஒரு இரவு தங்கி, மறுநாள் காலை ஏழு மணிக்குச் சற்றுப் பின் கிளம்பும் மலை ரயிலுக்கு ஆறு மணிக்கே தயாராக வேண்டும். இல்லையென்றால் சேலத்தில் நள்ளிரவில் சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏற வேண்டும். இரண்டிலும் பிள்ளையின் தூக்கம் நடுவில் முறியும்.

மலை ரயிலைப் பற்றிக் குறை சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அது அப்படிப்பட்ட ரயில். 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் ஊட்டி வரைக்கும் போட்ட 46 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் தடம். 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். கல்லாறுக்கு அப்பால் ஏற்றம் பன்னிரண்டடிக்கு ஓரடி என்ற அளவில் நிற்பதால், இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த மூன்றாவது தண்டவாளம் ஒன்று. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும். ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் கொடியோடு ஒரு பிரேக்மேன் நிற்பார். குன்னூர் வரை நீராவி எஞ்சின், அதற்கு மேல் டீசல். 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பழைய நீராவி எஞ்சின்களுக்கு மாற்றாகத் திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் புதிதாகவே நீராவி எஞ்சின் செய்து கொடுத்தார்கள் என்பது நம்மூர்த் தொழிற்சாலைக்காரர்கள் காதுக்கு இனிமையான செய்தி.

ஆனால் கைக்குழந்தைக்கு யுனெஸ்கோ தெரியாது. அந்த 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகிறது. பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. எஞ்சின் தண்ணீர் பிடிக்க ஹில்குரோவ் போன்ற நிலையங்களில் நிற்கும்போதுதான் இறங்கி ஓட வேண்டும். டயப்பர் மாற்றுவதும் அப்போதுதான். எதிரும் புதிருமாக முழங்கால் இடிக்கும் இருக்கைகள். குகைக்குள் நுழைந்ததும் இருட்டில் இளவட்டங்கள் கூச்சல் போடுவது இந்த ரயிலில் ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. அந்தக் கூச்சலில் ஒரு முறை திடுக்கிட்டு விழித்த பிள்ளை பிறகு மிச்சமுள்ள குகைகள் அத்தனையிலும் அழும். நீராவி எஞ்சினின் விசிலும் பெரியவர்களுக்குத்தான் சங்கீதம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்சரிந்து வண்டியை ரத்து செய்வதும் வருடா வருடம் நடப்பதுதான். நமக்கு லீவு கிடைக்கும் தீபாவளியும் அந்த நேரத்தில்தான் வந்து தொலைக்கிறது.

அதே ரயிலில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளை போனால் கதை தலைகீழ். அதற்கு எஞ்சின் பின்னால் இருப்பது ஓர் அதிசயம், குகைகளை எண்ணுவது ஒரு விளையாட்டு, கூச்சலில் முதல் குரல் அதனுடையதாகத்தான் இருக்கும். கழிப்பறைக்கும் சொல்லி அடக்கி வைக்க முடியும். ரயில் மாறவில்லை, வயதுதான் மாறியிருக்கிறது. ஆகவே கைக்குழந்தையோடு ஊட்டி வரை வந்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு ஒரு நடுவழி சொல்லலாம்: குன்னூர் வரை காரில் வந்து, குன்னூர் – ஊட்டி டீசல் வண்டியில் மட்டும் ஏறுங்கள். ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். தேயிலைத் தோட்டமும் கேத்திப் பள்ளத்தாக்கும் அதிலேயே கிடைத்துவிடும்.

இனி, இறங்கிய பிறகு மிஞ்சும் சாலை. மைசூரிலிருந்து நஞ்சன்கூடு, குண்டுலுப்பேட்டை வழியாகப் பந்திப்பூர் 80 கிலோமீட்டர். அதற்கப்பால் தெப்பக்காடு சிறிது தூரம். மைசூர் – ஊட்டிப் பேருந்துகள் தெப்பக்காட்டில் நின்று போகும். குண்டுலுப்பேட்டையில் ஹோட்டலில் பிளாஸ்க்கை நீட்டி “பிசி நீரு கொடி” என்று கன்னடத்தில் வெந்நீர் கேட்க ஓசூர்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டாம். மதுரைக்காரர் இந்த இடத்தில் கொஞ்சம் தயங்குவார். பால், டயப்பர், கஞ்சி எல்லாவற்றையும் அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும். காட்டுக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது; நிறுத்தினால் அபராதம், அதைவிடப் பெரியது யானை. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பந்திப்பூர் வழியே போக்குவரத்துக்குத் தடை இருப்பது 2009 முதல். ரயில் தாமதமானால் இந்தக் கெடு உதைக்கும். காலையில் மைசூர் சேரும் வண்டியில் அந்தப் பதற்றம் இல்லை.

ஊட்டியிலிருந்து தெப்பக்காட்டுக்குக் கூடலூர் சுற்றி 67 கிலோமீட்டர் போல வரும். கல்லட்டி வழி பாதித் தூரம்தான். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகளும் செங்குத்தான இறக்கமும் கொண்ட அந்தச் சாலையில் வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை. விட்டாலும் பால் குடித்த பிள்ளையோடு அதில் இறங்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒரு விஷயம் இரண்டு வழிக்கும் பொது. 2024 மே மாதம் முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, நீலகிரி மாவட்டத்துக்குள் நுழையும் சுற்றுலா வண்டிகளுக்கு இ–பாஸ் வேண்டும். வாடகைக் காரிலோ சொந்தக் காரிலோ தெப்பக்காடு வந்தால் கக்கநல்லா சோதனைச் சாவடியில் கேட்பார்கள். தண்ணீர் பிளாஸ்டிக் பாட்டில்களும் அங்கே கூடாது. எவர்சில்வர் பாட்டிலும், மாற்றிய டயப்பரைத் திரும்பக் கொண்டுவர ஒரு பையும் பெட்டியில் இருக்கட்டும். காட்டோரத்தில் வீசிய டயப்பரை மான் மெல்லும்.

காட்டுக்குள் என்ன பார்ப்பது என்பதிலும் இரண்டு கரைகளும் வேறு வேறு. பந்திப்பூரின் பெருமை அதன் சவாரி. ஜீப்பும் பஸ்ஸும் உள்காட்டுக்குள் போய்வரும். புலி தென்படும் வாய்ப்பும் உண்டு. ஆனால் 2025 நவம்பரில், காட்டோர ஊர்களில் புலி தாக்கி மனிதர்கள் இறந்ததை அடுத்து, பந்திப்பூரிலும் நாகரஹொளெயிலும் சவாரியை நிறுத்தச் சொல்லி கர்நாடக அரசு உத்தரவிட்டது. எனவே கிளம்பும் முன் நிலவரம் கேட்டுக்கொள்ளுங்கள். முதுமலையிலும் வனத்துறை வண்டிச் சவாரி உண்டு. கோடையில் காட்டுத்தீ பயத்தால் அதையும் சில நாள்கள் நிறுத்துவார்கள். சவாரி நடந்தாலும் கைக்குழந்தைக்கு அதனால் பயனில்லை என்பது என் கட்சி. ஐம்பதடிக்கு அப்பால் புதருக்குள் நிற்கும் கடமானைக் கண்டுபிடிக்கும் பார்வை பெரியவர்களுக்கே வருவதற்கு நேரமாகிறது. வண்டியில் சத்தம் போடக் கூடாது. பிள்ளை அழுதால் மொத்த வண்டியும் திரும்பிப் பார்க்கும். குலுக்கலும் புழுதியும் தனி.

தெப்பக்காட்டு முகாம் அப்படியல்ல. ஆங்கிலேயர் காலத்தில் மரம் இழுக்க யானைகளை வைத்திருந்த இடம் அது. இன்று ஊருக்குள் புகுந்து பிடிபட்ட யானைகளும், தாயை இழந்த குட்டிகளும் அங்கே வளர்கின்றன. காலையிலும் மாலையிலும் உணவு கொடுக்கும் நேரத்தில் போனால், ஒரு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். கேழ்வரகுக் களியும் கொள்ளும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்த உருண்டையை உதவிப் பாகனான காவடி வாய்க்குள் வைக்க, யானை அதை மெல்லும் சத்தம் வரைக்கும் கேட்கும். இடுப்பில் இருக்கும் பிள்ளை அதைப் பார்க்கும். காது ஆடுவதையும் தும்பிக்கை நீளுவதையும் கண்கொட்டாமல் பார்க்கும். அதற்குக் காலையில் நாம் ஊட்டியதும் முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சிதான். ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளையும் தெப்பக்காட்டு யானையும் ஒரே தானியத்தில் வளர்கின்றன.

இன்னொரு உறவும் இருக்கிறது. 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கிய ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ குறும்படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். தெப்பக்காட்டில் காட்டுநாயக்கர் தம்பதி பொம்மனும் பெள்ளியும் வளர்த்த ரகு என்ற குட்டியானை அதில் நாயகன். அந்த ரகு முதுமலைக் குட்டி அல்ல. 2017இல் ஓசூர் வனக்கோட்டத்தில், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காட்டில், தாயை இழந்து தனியாகத் திரிந்தபோது மீட்டு அங்கே அனுப்பிய குட்டி. நம் வட்டாரத்திலிருந்து தெப்பக்காட்டுக்குப் பயணம் போன பிள்ளைகளில் அதுவே பேர் பெற்றது. பின்னர் பெள்ளிக்கு அரசு அங்கேயே யானைக் காவடியாக வேலையும் கொடுத்தது. முகாமில் யானைக்காரர்களிடம் ஓசூர் என்று சொல்லிப் பாருங்கள். பேச்சு தானாக ரகுவிடம் வந்து நிற்கும்.

ஆக, தீர்ப்பு இப்படி: பிள்ளைக்கு இரண்டு வயது ஆகும் வரை மைசூர் வழி. ஒரே வண்டி, ஒரே உயரம், தூளி கட்ட இடம், இறங்கினால் சமச்சாலை. தங்குவதும் பார்ப்பதும் தெப்பக்காடு. பந்திப்பூர் சவாரி பிள்ளைக்கு விவரம் தெரிந்த பிறகு ஆகட்டும். மூன்று வயது தாண்டியதும் மேட்டுப்பாளையம் வழி. அப்போது மலை ரயிலே பாதிச் சுற்றுலா. “கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டு காட்டுக்கு என்ன அவசரம்” என்று கேட்கும் மாமியார்களுக்கும் இந்தத் தீர்ப்பில் பாதி வெற்றி உண்டு. ஆனால் அவர்களையும் கூட்டிப் போங்கள். தூளி முடிச்சு அவர்கள் போட்டால்தான் நிற்கும்.

ரயில்வேக்கு ஒரு கோரிக்கை. ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைக்குப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். அது நல்ல சலுகை. முன்பதிவில் பிள்ளையின் பெயரையும் எழுதிக்கொள்கிறார்கள். ஆனால் கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டில் மூத்த குடிமக்கள், 45 வயது கடந்த பெண்கள், கர்ப்பிணிகள் ஆகியோரை மட்டுமே சேர்த்திருக்கிறார்கள். கர்ப்பிணிக்குக் கொடுக்கும் கீழ்ப்படுக்கை, பிள்ளை பிறந்த மறுமாதமே அவளுக்கு இல்லாமல் போகிறது. விடியாத இருட்டில் ஓசூரில் ஏறும் தாய், கையில் பிள்ளையோடு மேல்படுக்கை ஏணியைப் பார்த்து நிற்கிறாள். பிள்ளையின் பெயரை எழுதும் அந்தப் படிவத்திலேயே தாய்க்குக் கீழ்ப்படுக்கை என்று ஒரு விதியைச் சேர்த்துவிடலாம். பெட்டியை மாற்ற வேண்டியதில்லை, புதுப் படுக்கை செய்ய வேண்டியதில்லை, செலவும் இல்லை. பெங்களூர் கோட்டம் இதை ரயில்வே வாரியத்துக்கு எழுத வேண்டும். நம் தொகுதி எம்.பி. நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்.